தழும்பில்லாத காளை

சுகிர்தா தன் கணவனை ‘என்னங்க’ என்று அழைப்பாள். தன் அத்தை மகனை ‘அத்தான்’ என்று அழைப்பாள். முறை பார்த்தால் இரண்டிலும் பிழையில்லை. ஆயினும் மாலைதோறும் அலைபேசித் திரையை நோக்கி அவள் அந்த இரண்டாம் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் காசிராஜனின் நெஞ்சில் ஓர் அனல் எழுந்து, அடங்காமல் நின்றது. மணமாகி ஆறாண்டுகளில் ஒருமுறையேனும் அவள் அவனை அப்படி அழைத்ததில்லை. அந்தச் சொல் கணவனுக்கும் உரியதுதான். ஆனால் அவன் தாலி கட்ட வந்தபோதே அச்சொல்லில் வேறொருவன் குடியிருந்தான்.

அவன் பெயர் ராஜபாண்டியன். இரு வீட்டுப் பெரியவர்கள் ஒருகாலத்தில் பேசிவைத்தபடி நடந்திருந்தால் சுகிர்தாவை மணந்திருக்க வேண்டியவன். அவனோ படிப்பைத் தேடிச் சுவீடன் சென்று, பழங்காசு ஆராய்பவனாகி, அங்கேயே தங்கிவிட்டான். இன்னும் அவன் மணம் செய்துகொள்ளவில்லை என்பதே காசிராஜனின் தீர்ப்பில் அவன் புரிந்த முதற்குற்றம். நன்றாகச் சிரிப்பான் என்பது இரண்டாவது.

சுகிர்தா விருதுநகரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்துவந்தாள். காசிராஜன் சிவகாசியில் தந்தை வைத்துச் சென்ற அச்சகத்தை நடத்தினான். முருகனும் திருமகளும் பத்திரகாளியும் ஆண்டுதோறும் அவனுடைய இயந்திரங்களில் வண்ணம் பூண்டு, நாட்காட்டிகளாக நாடெங்கும் சுவரேறினார்கள். இப்பொழுது அந்த அச்சகத்துக்கு ஒரு புத்தகம் வந்திருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங்குகள் என்னும் வடகடல் மாந்தர் மண்ணில் புதைத்துவைத்த வெள்ளிக்காசுப் புதையல்களைப் பற்றியது. எழுதியவர்கள் இருவர்: ராஜபாண்டியன், சுகிர்தா. அட்டையில் அவ்விரு பெயர்களும் அருகருகே, திருமண அழைப்பிதழில் நிற்பதுபோல நின்றன. வேலையை மறுத்தால் மனத்திலுள்ளது முகத்தில் தெரிந்துவிடும் என்று அஞ்சியே காசிராஜன் ஏற்றுக்கொண்டான்.

வைகாசியில் ஒரு நாள் மாலை, அவன் தோசை உண்டுகொண்டிருந்தபோது, சுகிர்தா மடிக்கணினியைத் தட்டுக்கு அருகில் நகர்த்தினாள்.

“இந்தக் காசக் கொஞ்சம் பாருங்களேன்.”

காபூல் நாட்டை ஆண்ட மன்னர்கள் அடித்த வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் குதிரைவீரன். மறுபக்கம் முன்கால் மடித்துப் படுத்திருக்கும் காளை. அதன் பின்தொடையில் சூலக்குறி. விடையேறும் பெருமானின் ஊர்தி மலைகளையும் பாலையையும் பேராறுகளையும் கடந்து, பனிக்கடல் நடுவே, சுவீடனின் கோத்லாந்து என்னும் தீவில், ஓர் உழவனின் வயலுக்கடியில் துயின்றிருக்கிறது. காசியிலிருந்து வந்த லிங்கம் மேலே நகர மறுத்துத் தங்கியதால் சிவகாசி ஆன ஊரில் பிறந்தவனுக்கு இது வியப்பாக இருந்திருக்க வேண்டும். வேறொரு நாளாயின் கைகூப்பியும் இருப்பான். அன்று அந்தப் படத்தை எடுத்தவன் யார் என்பதே அவன் நினைவில் நின்றது.

“என்ன இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு?” என்றான்.

“அதுதாங்க விசயமே!” அவள் முகம் மலர்ந்தது. “உங்க தாய்மாமா விருதுநகர்ல கொத்தமல்லி மூட்டைய அப்படியே நம்பி வாங்குறாகளா? குத்தூசியச் சாக்குல சொருகி, உள்ள இருக்கத உருவிப் பாத்துட்டுத்தான வாங்குறாக? அதே வேலதான் இதுவும். காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வரும்போது, முன்ன வச்சிருந்தவன நம்பாம, கத்திமுனையால ஒரு குத்து. மேல மட்டும் வெள்ளி பூசின செம்பா இருந்தா தெரிஞ்சிரும்ல? பழைய குத்தெல்லாம் தேஞ்சு மழுங்கியிருக்கும், புதுக்குத்து கூர்மையா இருக்கும். சமர்கந்துல அடிச்ச காசு, பாக்தாதுல அடிச்ச காசு, இந்தக் காளைக்காசு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, எது எந்தச் சீமைவழி வந்துச்சு, எங்கன சந்தேகப்பட்டாக, எங்கன நம்பி வாங்குனாகன்னு ஓரளவு சொல்லிரலாம். அத்தானும் ஒத்துக்கிட்டாக.”

அவள் பேசியதில் கடைசி வரியை மட்டும் காசிராஜனின் செவி பற்றிக்கொண்டது.

“ஒத்துக்கிட்டாகளா? பெரிய மனுசன்தான்” என்று எழுந்து கைகழுவப் போனான்.

மறுவாரம் அவனுடைய அக்காள் பொன்னுத்தங்கம் வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளறையில் சுகிர்தா திரையோடு பேசிக்கொண்டிருந்தாள். கதவைக் கடந்து சிரிப்பொலி வந்தது. பொன்னுத்தங்கம் வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள்:

“ஏலே காசி, உம் பொண்டாட்டி இங்கன குடியிருக்காளா, சுவீடன்ல குடியிருக்காளா?”

“சும்மா இரு அக்கா. புஸ்தக வேல.”

“புஸ்தகத்துல இம்புட்டுச் சிரிப்பு வருமாலே? நானும் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன். ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல.”

அவன் சிரித்து வைத்தான். தலைவனின் பரத்தமையை எண்ணித் தலைவி ஊடுவதைப் பாடப் பழம்பாட்டில் ஒரு துறையே உண்டு. குற்றமில்லாத மனைவியை எண்ணிக் கணவன் உள்ளுக்குள் ஊடுவதற்கு அங்கே துறையில்லை. அதனாலோ என்னவோ அவனுக்கு ஊடவும் தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் தெரியவில்லை. அன்றிரவு அவள் குளிக்கப் போன நேரத்தில் அலைபேசியை எடுத்துப் பார்த்தான். காசுகளின் படங்களும் நூற்பெயர்களுமே இருந்தன. ஒன்றும் இல்லாதது அவனை ஆற்றவில்லை. ஒளித்துவைக்கத் தெரிந்தவர்கள் என்று எண்ணவைத்தது.

ஆனி பிறந்தது. ஆடிப்பெருக்கன்று புது நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புக்குப் பூசை போட்டு வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதன்பின் இயந்திரங்கள் தெய்வங்களுக்கே உரியவை. வேறு வேலைக்கு மார்கழி வரை இடமில்லை. எனவே புத்தகத்தை ஆனிக்குள் முடித்தாக வேண்டும். ஆவணியில் கோத்லாந்துத் தீவில் பன்னாட்டு அறிஞர் கூடும் அரங்கில் அது வெளியாக வேண்டும். எழுத்துப் பிழை பார்ப்பதற்குச் சிறிய படங்களை வைத்துப் பக்கங்களைச் சுவீடனுக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றாயிற்று. அச்சுக்குரிய பெரிய படங்களைக் காசிராஜன் பாண்டிச்செல்வியிடம் கொடுத்து, “எப்பவும் போல ரெடி பண்ணிரு” என்றான். அப்போது அவன் மனத்தில் கள்ளம் ஏதும் இல்லை.

பாண்டிச்செல்வி அச்சுக்கு முன் படங்களைக் கணினியில் திருத்துபவள். பழைய ஓவியம் ஒன்றில் முருகன் கன்னத்தில் பூஞ்சைப்புள்ளி இருந்தால் அகற்றுவாள்; திருமகளின் விரல் நிறம் உதிர்ந்திருந்தால் வளர்த்துவிடுவாள். மூளிப்படம் சுவருக்கு ஆகாது என்பது காசிராஜனின் தந்தை காலத்திலிருந்து அந்த அறையின் சட்டம். ஒரு கீறலோடு படம் வெளியே போனால், அந்த ஆண்டு அதை வாங்கிய வீட்டுக்கு ஆகாது என்று நம்பினார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல், சரிபார்ப்புத் தாள் அவன் மேசைக்கு வந்தது. காசிராஜன் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

காளையின் உடலில் ஒரு வடுவும் இல்லை. நேற்று வார்த்ததுபோல் திமில் பளபளத்தது. அடுத்த காசு, அதற்கடுத்தது, அரபெழுத்துக் காசுகள், பக்கம் பக்கமாக எல்லாம் வழுவழுவென்று, குழந்தையின் உள்ளங்கைபோல இருந்தன. பாண்டிச்செல்வி ஒவ்வொரு குத்தையும் தேடித் தேடித் துடைத்திருக்கிறாள்.

அவளை அழைப்பதற்கு வாயைத் திறந்தான். அப்போது அவன் மனக்கண்ணில் ஓர் அரங்கம் தோன்றியது. வெளிநாட்டு அறிஞர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். மேடையில் ராஜபாண்டியன், அந்த நல்ல சிரிப்போடு, ‘இந்தக் காளைமேல் எத்தனை கத்திகள் பட்டிருக்கின்றன, பாருங்கள்’ என்கிறான். எல்லாரும் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். வடுவே இல்லாத காளை அவர்களைப் பார்க்கிறது. ஓர் இருமல். பிறகு ஒரு சிரிப்பு. இம்முறை அது ராஜபாண்டியனுடையது அன்று.

காசிராஜன் திறந்த வாயை மூடினான். பல மாதங்களாக அறியாத ஒரு குளிர்ச்சி அவனுள் பரவியது.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று பாண்டிச்செல்வி வாசலில் நின்றாள். “ரொம்ப மோசமா இருந்துச்சு. நந்தியப் போயி எவனோ பாவி இப்படிக் குத்தி வச்சிருக்கான். ராத்திரி சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்.”

“நல்லாருக்கு” என்றான். தாளின் அடியில் கையெழுத்திட்டான்.

சுகிர்தா மாலையில் கேட்டாள்: “ப்ரூஃப் வந்துச்சா? நானும் ஒரு தடவ பாக்கவா?”

“நான் பாத்துட்டேன்.”

“அப்பச் சரி. உங்க கண்ணுக்கு மேலயா?” என்று அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். அந்த எளிய நம்பிக்கை அவனைச் சற்று உறுத்தியது. ஆனால் சிறிது நேரத்தில் உள்ளறையிலிருந்து ‘அத்தான்’ என்ற குரல் கேட்டது, உறுத்தல் மறைந்தது.

மறுநாள் முற்பகலில் நான்கு வண்ண இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதை இயக்குபவன் முனியராஜ். வண்ணம் நிலைகொள்ளும்வரை அவன் யாரோடும் பேசமாட்டான். கையெழுத்திட்ட தாள் அவன் மேசைக்கு மேலே கவ்வியில் தொங்கியது. நண்பகலுக்குள் கட்டுக்கட்டாகக் காளைகள் குவிந்தன. காசிராஜன் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். மகிழ்ச்சிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சுகிர்தா கல்லூரியில் அரைநாள் விடுப்பெடுத்து வந்துவிட்டாள். ஒரு கையில் அல்வாப் பொட்டலம், மறுகையில் அலைபேசி, திரையில் ராஜபாண்டியன், காலைக் காப்பிக் கோப்பையோடு.

“அத்தானுக்கு மெஷின் சத்தம் கேக்கணுமாம்” என்று அலைபேசியைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அண்ணாச்சி! நல்லா இருக்கீகளா? எங்க வீட்டுக்குப் பின்னாலயும் பிரஸ்தான, இந்தச் சத்தம் கேட்டு வளந்தவன். இங்கன ஒரே அமைதி, காதே அடச்சுப் போச்சு.”

“நல்லாருக்கேன்” என்றான் காசிராஜன். “உங்களுக்குத்தான் பெரிய மேடையாமே. பேச்செல்லாம் தயாரா?” கேட்கும்போது நாவில் ஒரு தித்திப்பு ஊறியது.

“எனக்கா? என்ன அண்ணாச்சி, இவ சொல்லலையா?”

“அத்தான், அது புஸ்தகம் கையில வந்தப்புறம்...” என்று சுகிர்தா இடைமறித்தாள்.

“அட இரு புள்ள. அண்ணாச்சி, மேடையேறப் போறது இவதான். குத்து விசயம் முழுக்க இவ கண்டுபிடிச்சது. நான் படம் எடுத்துக் குடுத்தேன், அம்புட்டுத்தான். மொதல்ல நான் நம்பவேயில்ல. ரெண்டு வருசம் சண்ட போட்டு என்ன ஒத்துக்க வச்சா. ஆவணியில அம்புட்டுப் பேரும் இவளத்தான் கேள்வி கேட்டுத் தொளைக்கப் போறாக.”

காசிராஜன் மனைவியைப் பார்த்தான். அவள் நாணத்தோடு அல்வாப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அதுலயும், ஆரம்பிச்சு வச்சதே நீங்கதானாமே?” என்றது திரை. “மெட்ராஸ் மியூசியத்துல.”

“நானா?”

“மறந்துட்டீகளா?” என்றாள் சுகிர்தா. “கல்யாணம் முடிஞ்சு போனோம்ல. அந்த ரோமானியப் பொன்காசு முன்னால நின்னுக்கிட்டு, ‘ராசா மூஞ்சியவே ஒருத்தன் வெட்டிருக்கானே, எவன் பாத்த வேல இது’ன்னு கேட்டீக. எனக்குப் பதில் தெரியல. எம்.ஏ. படிச்ச எனக்குத் தெரியலையேன்னு அன்னைக்கெல்லாம் வெக்கமா இருந்துச்சு. அதத்தான் இத்தன வருசமா தேடிக்கிட்டிருக்கேன்.”

அவனுக்கு நினைவு வந்தது. கண்ணாடிப் பெட்டி. அதில் கன்னம் வெட்டுண்ட ஒரு மன்னன். கண்ணாடியில் தெரிந்த அவள் முகம். காசைப் பற்றிக் கவலைப்பட்டு அவன் கேட்கவில்லை. புதுமனைவியிடம் பேசுவதற்கு வேறொன்றும் தோன்றாமல் கேட்டான். அந்தக் கேள்வியை அவள் ஆறாண்டுகள் சுமந்திருக்கிறாள். எந்தக் குத்துகளை மாற்றானுடையவை என்று எண்ணி அவன் அழியவிட்டானோ, அவற்றின் வேர் அவனும் அவளும் தனித்து நின்ற அந்தப் பகலில் இருந்தது.

அவனுக்குப் பின்னால் இயந்திரம் காளைகளை அடுக்கிக்கொண்டே போயிற்று.

“நிறுத்துலே!”

முனியராஜ் திரும்பினான். “என்ன மொதலாளி? இப்பத்தான் கலர் செட்டாகி...”

“நிறுத்துலேங்கேன்!”

ஓசை இறங்கி, உருளைகள் நின்றன. அந்த அமைதியில் எல்லார் முகங்களும் அவன்மேல் திரும்பின. சுகிர்தா குவியலின் மேலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஈர மை விரலில் ஒட்டியது. சன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து காளையைத் தேடினாள், கண்டாள், நெடுநேரம் பார்த்தாள்.

“பாண்டிச்செல்வி, இங்க வா. இதுல இருந்த குத்தெல்லாம் எங்க?”

பாண்டிச்செல்வி பெருமையோடு வந்தாள். “எல்லாத்தையும் எடுத்துட்டேன்க்கா. சாமிய மூளியாவா போடுறது? அண்ணாச்சியே பாத்துட்டு நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டாக.”

“நீ என்ன செய்வ. உனக்கு யாரும் சொல்லல” என்றாள் சுகிர்தா.

பிறகு கவ்வியில் தொங்கிய தாளை ஏறிட்டுப் பார்த்தாள். அதன் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். குத்தூசிக் கதையை அவள் சொன்னது ஒருவனிடம் மட்டுந்தான். பழியைப் பாண்டிச்செல்வியின் தலையில் ஏற்றிவிட ஒரு கணம் அவனுக்கு வழி இருந்தது. அது அவன் நாவரை வந்து நின்றுவிட்டது.

“நான் பாத்தேன்” என்றான். “தெரிஞ்சுதான் போட்டேன்.”

அது மிகத் தாழ்ந்த குரல். அவளுக்கு மட்டும் கேட்டது. அவள் நிறம் மாறிற்று.

“என்ன சுகி, சத்தம் நின்னுபோச்சு?” என்று அலைபேசி கேட்டது.

தன்னை அவள் இப்போது ராஜபாண்டியன்முன் உரித்துப்போடுவாள் என்று காசிராஜன் தலைகவிழ்ந்தான். அதற்கு அவன் தகுதியானவனே.

“ஒண்ணுமில்ல அத்தான்” என்றாள் சுகிர்தா. “ஒரு படம் சரியா விழல. உங்க அண்ணாச்சிக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை. ஒடனே நிறுத்திட்டாக.”

“அதுக்குத்தான் வேற எங்கயும் குடுக்காத, அண்ணாச்சிகிட்டயே குடுன்னேன்!” என்று ராஜபாண்டியன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை என்பதை அன்றுதான் காசிராஜன் கேட்டான். கேட்டபின்னும் அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் அழைப்பைத் துண்டித்தாள். அவனோடு ஒரு சொல்லும் பேசாமல் பாண்டிச்செல்வியின் அறைக்குள் போய், மூலப்படங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி அருகில் அமர்ந்தாள். அல்வாப் பொட்டலம் இயந்திரத்தின் பக்கத்திலேயே பிரிபடாமல் கிடந்தது. வெயில் சாயும் நேரத்தில் விஸ்வநத்தத்திலிருந்து கழிவுத்தாள் வண்டி வந்தது. வழுவழுத்த காளைகளையெல்லாம் அதில் ஏற்றினார்கள். அங்கே பட்டாசுக் கம்பெனியில் அவை வெடிக்குழலாகச் சுருண்டு, தீபாவளியன்று எங்கோ ஒரு தெருவில் சிதறும்.

வண்டி போனபின் அவள் புதிய சரிபார்ப்புத் தாளோடு வந்து அவன் மேசைமுன் நின்றாள்.

“எதுக்குங்க?” என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

“அவன நீ அத்தான்னு...” அவனால் முடிக்க இயலவில்லை. நாற்பதை நெருங்கும் முதலாளி, பள்ளிப்பிள்ளைபோல மேசை விளிம்பைச் சுரண்டினான்.

அவள் நம்பமுடியாமல் பார்த்தாள். “இம்புட்டுத்தானா? எனக்கு எத்தன அத்தான் இருக்காகன்னு எண்ணிப் பாருங்க. சாத்தூர்ல ரெண்டு, தூத்துக்குடியில ஒண்ணு, சுவீடன்ல ஒண்ணு. பேசத் தெரிஞ்ச நாள்லேருந்து கூப்பிடுற பேரு அது. என்னங்கன்னு நான் ஒருத்தரத்தான கூப்பிடுறேன்?”

அவள் தாளை அவன்முன் விரித்தாள்.

“பாத்துக் கையெழுத்துப் போடுங்க. நீங்க போட்டாத்தான் மெஷின் ஓடும்.”

காசிராஜன் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தான். காளை தன் வடுக்களோடு மீண்டிருந்தது. சில மழுங்கித் தேய்ந்தவை. சில இன்னும் கூர்மையாக ஒளிர்ந்தவை. திமிலில், கழுத்தில், சூலக்குறிக்குப் பக்கத்தில். எந்தக் கையும் அதைச் செம்பென்று எறிந்துவிடவில்லை. குத்திப் பார்த்து, வெள்ளியென்று கண்டு, அடுத்த கைக்குத் தந்திருக்கிறார்கள்; அந்தக் கையும் குத்தியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தான். இதற்குமுன் எந்தத் தெய்வப்படத்தையும் அவன் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. கையெழுத்திட்டு நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வாயிலை அடையுமுன், அடக்கியும் அடங்காமல் அவன் நாவிலிருந்து அது வழுக்கி விழுந்தது.

“ஆவணியில அங்கன போயி எறங்குனா, ஏர்போர்ட்டுக்கு உன்னக் கூப்பிட யாரு வருவா?”

சுகிர்தா நின்றாள். திரும்பியபோது அவள் முகத்தில் சினம் இருந்தது. சினத்துக்குக் கீழே, அடக்கமாட்டாத சிரிப்பும் இருந்தது.

“அந்தா, அடுத்த குத்து” என்றாள். “குத்திக்கோங்க. ஆனா சாக்குல குத்தூசி போட்ட ஓட்டைன்னா தேச்சுவிட்டா மூடிக்கும். இது மூடாது, பாத்துக்கோங்க.”

தாளைக் கொண்டுபோய் முனியராஜிடம் கொடுத்தாள். சிறிது நேரத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. யார் வருவார் என்பதற்கு அவள் விடை சொல்லவில்லை என்பது காசிராஜனுக்கு அந்த ஓசைக்கு நடுவிலும் நன்றாக நினைவிருந்தது.